தொண்ணூற்றிரண்டு மதிப்பெண் வாங்கிய மோசமான அழைப்பு

பாங் சுனோக் தன் பத்தொன்பதாவது வயதில் ஒரு துடைப்பக் கட்டையை முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தவர். தென் கொரியாவின் கும்சானில் ஜின்செங் கிழங்கு விற்கும் வீட்டில் பிறந்து, மற்ற பெண்களைவிட ஒரு சாண் கூடுதலாக வளர்ந்த காரணத்தால் ஒரு நூற்பாலையின் பெண்கள் வாலிபால் அணியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அந்த அணியின் கோச், தோற்றுவிட்டு வந்தால் பெண்களை வரிசையாக நிறுத்தித் தொடையில் கட்டையால் அடிப்பார். ஒரு நாள் அடிவாங்க நின்ற பெண்களில் ஒருத்திக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. சுனோக் வரிசையை விட்டு வெளியே வந்து, கட்டையைப் பிடுங்கி முறித்து, இரண்டு துண்டையும் கோச்சின் கையிலேயே கொடுத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

எங்களிடம் இதை அவர் பெருமையாகச் சொன்னதே இல்லை. "நான் போனப்புறம் பந்து தூக்கிக் குடுக்க ஆள் இல்லாம ஒரு வருஷம் பூரா தோத்தாங்க. மிச்ச பொண்ணுங்கதான அந்த அடியை வாங்கியிருப்பாங்க? கட்டையை ஒடைச்சது சரி. ஓடி வந்ததுதான் தப்பு" என்பார்.

நான் அவரை அறிந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது. தேஜொன் நகரில், பதினோராவது மாடியில் இருந்த ஒரு அழைப்பு மையத்தில் மூன்றாவது அணிக்கு டீம் லீடர். வாடகைக்குக் குடிநீர் இயந்திரம் கொடுக்கும் ஒரு கம்பெனிக்காக நாங்கள் போன் எடுத்தோம். கம்பெனி வேறு, நாங்கள் வேறு. எங்களை நடத்தியது ஒப்பந்தக்காரர். ஆனால் போன் போட்டுத் திட்டுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

என் பெயர் செயோங். அப்போது எனக்கு முப்பது வயது. மதிப்பீட்டு அறையில் எனக்கு வேலை. பதிவான அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடவேண்டும். வணக்கம் சொன்னார்களா, வாடிக்கையாளரின் பெயரை இரண்டு முறையாவது சொன்னார்களா, மன்னிப்புக் கேட்டார்களா, முடிக்கும்போது நன்றி சொன்னார்களா என்று இருபத்தைந்து கட்டங்கள். டிக் அடித்துக்கொண்டே போவேன். ஒரு நாளைக்கு நாற்பது அழைப்புகள். ஐந்து வருஷம் அப்படிக் கேட்டிருக்கிறேன்.

மற்ற அணிகளில் கழிப்பறைக்குப் போகவேண்டுமானால் கையைத் தூக்கி நிற்கவேண்டும். ஒருத்தி திரும்பி வந்த பிறகே அடுத்தவள் போகலாம். மூன்றாவது அணியில் மட்டும் யாரும் கையைத் தூக்கமாட்டார்கள். முந்தைய மேலாளர் கேட்டபோது சுனோக், "அம்பத்தோரு வயசுப் பொம்பளை எங்கிட்ட கையத் தூக்கி ஒண்ணுக்குப் போக அனுமதி கேட்டா, எனக்குத்தான் சார் வெக்கமா இருக்குது" என்றாராம். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த ஐம்பத்தோரு வயதுக்காரர் குக் யொன்ஹி. சின்னக் குழந்தைகளுக்குத் துணி விற்கும் கடை வைத்திருந்து, அது படுத்துப்போனதால் எங்களிடம் வந்தவர். அணியின் பதினான்கு பேரில் வயதில் மூத்தவர், வேகத்தில் கடைசி. மற்றவர்கள் ஒரு அழைப்பை மூன்றரை நிமிஷத்தில் முடித்தால் அவருக்கு ஏழு நிமிஷம் ஆகும்.

வசந்தம் தொடங்கிய சமயத்தில் சியோலில் இருந்து புது மேலாளர் வந்தார். பியோ என்று பெயர். சுனோக்கைவிட ஆறு வயது இளையவர். வந்த மறுவாரமே டீம் லீடர்களைக் கூட்டி ஒரு புது வழக்கத்தை அறிவித்தார். தினமும் காலை எட்டு நாற்பதுக்கு ஒவ்வொரு அணியிலும் முந்தைய நாள் கடைசி மூன்று இடம் பிடித்தவர்கள் எழுந்து நின்று, தங்கள் மதிப்பெண்ணையும் நேரத்தையும் தாங்களே சத்தமாக வாசிக்கவேண்டும்.

"வெக்கப்பட்டாத்தான் மனுஷன் மாறுவான்" என்றார் பியோ.

"வெக்கப்பட்டா மனுஷன் ஒளிஞ்சுக்குவான் சார்" என்றார் சுனோக்.

"நாளைக்கு உங்க டீமுக்கு நானே வர்றேன், பாங் டீம் லீடர்."

சொன்னபடியே வந்தார். ஒரு கையில் காப்பியோடு தூண் ஓரமாக நின்றார். நானும் மதிப்பெண் தாளை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கடைசி மூன்று பெயர்களில் முதல் பெயர் யொன்ஹி. அவர் வாசிக்கத் தயாராகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாதி எழுந்துவிட்டார்.

"யொன்ஹி அக்கா, உக்காருங்க" என்றார் சுனோக். "நேத்து இந்த டீம்லயே மோசமான போன் என்னோடது. அதை எல்லாரும் கேக்கணும்."

நான் தாளைப் பார்த்தேன். சுனோக் லீடராக இருந்தும் தினம் சில போன்களைத் தானே எடுப்பார்; அவருடைய அந்த அழைப்புக்கு நானே தொண்ணூற்றிரண்டு போட்டிருந்தேன். அணியில் அதுதான் அதிகம்.

"செயோங் தொண்ணூத்திரெண்டு போட்டிருக்கா. அவ மேல தப்பில்ல. எல்லா வரியும் சொல்லியிருக்கேன், எல்லா மன்னிப்பும் கேட்டிருக்கேன். ஆனா அந்த மனுஷன் பாதியிலயே போனை வச்சுட்டாரு. ஏன்னு ராத்திரி முழுக்க யோசிச்சும் எனக்குப் புரியல. உங்க யாருக்காச்சும் புரியுதா, கேளுங்க."

பதிவை ஒலிபெருக்கியில் போட்டார். ஒரு முதியவரின் குரல். மனைவி பெயரில் எடுத்த இயந்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது, முன்கூட்டியே திருப்பினால் அபராதம் உண்டு என்று சுனோக்கின் குரல் மிகப் பணிவாக விளக்கியது. மன்னிப்புக் கேட்டது. மறுபடி விளக்கியது. முதியவர் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

பியோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது யொன்ஹி தயங்கித் தயங்கி, "டீம் லீடர், இன்னொரு வாட்டி ஆரம்பத்துல இருந்து போடுங்க" என்றார். போட்டார்கள். பத்து வினாடியில் யொன்ஹி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"இங்கதான். 'எங்களுக்கு இது வேண்டாம்'னு ஆரம்பிச்சாரு. அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, 'எனக்கு வேண்டாம்'னு மாத்திக்கிட்டாரு. எங்களுக்குன்னு சொன்னவரு ஏன் எனக்குன்னு மாத்துறாரு? அந்தம்மா இல்ல போலிருக்கு."

எனக்கு முகம் சுட்டது. அதே பதிவை ஹெட்செட்டில் கேட்டு, டிக் அடித்து, அடுத்ததுக்குப் போனவள் நான்.

சுனோக் அங்கேயே, எல்லார் முன்னிலையிலும் அந்த எண்ணுக்குப் போன் போட்டார். மனைவி இறந்து நாற்பது நாள் ஆகிறது என்றார் முதியவர். ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் இறந்துவிட்டால் அபராதம் கிடையாது என்ற விதி எங்கள் திரையிலேயே ஆறாவது பக்கத்தில் இருந்தது. "நேத்து நான் உங்க பேச்சைச் சரியாக் காதுல வாங்கலை. என்னை மன்னிச்சுக்கங்க" என்றார் சுனோக். இருபத்தைந்து கட்டத்தில் எதிலும் வராத மன்னிப்பு அது.

போனை வைத்துவிட்டு பியோ பக்கம் திரும்பினார். "சார், எங்க டீம்ல இனிமே தினமும் இப்படித்தான். ஒரு மோசமான போனை எடுத்து எல்லாரும் சேர்ந்து கேப்போம். முதல் வாரம் முழுக்க என்னோடதுதான்."

பியோ காப்பிக் கோப்பையோடு போய்விட்டார். மதியம் தன் அறைக்குச் சுனோக்கைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். "வேகம் குறைந்த ஊழியருக்கான பயிற்சிப் பதிவு" என்று தலைப்பு. யொன்ஹியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கோச்சிங் செய்யவேண்டும். மூன்று தாள் நிரப்பவேண்டும். ஒவ்வொன்றிலும் 'குறைபாடு' என்று ஒரு பெரிய கட்டம், கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஊழியரின் கையெழுத்து. மூன்று தாள் சேர்ந்தால் ஆளை அனுப்பிவிடலாம். அது கோச்சிங் இல்லை, குழி வெட்டுவது என்று பதினோராவது மாடியில் எல்லாருக்கும் தெரியும்.

"கோச்சிங் பண்ணச் சொன்னா பண்றேன்" என்று தாளை வாங்கிக்கொண்டார் சுனோக். "ஆனா நிஜமாவே பண்ணுவேன். அப்புறம் கோச்சுக்கக் கூடாது."

மறுநாள் முதல் யொன்ஹியின் பக்கத்தில் நாற்காலி போட்டு, இரண்டாவது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சும்மா தட்டிக்கொடுக்க உட்காரவில்லை. மூன்றாவது நாளே குறையைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அக்கா, நீங்க பேசுறது நாலு நிமிஷம். மிச்ச மூணு நிமிஷம் என்ன பண்றீங்க தெரியுமா? ரெண்டு வெரலால தட்டிக்கிட்டு இருக்கீங்க. கோழி அரிசி பொறுக்குற மாதிரி."

"கடையில எல்லாம் கையாலதான எழுதினேன்."

"இது கடை இல்ல. அவங்க பேசும்போதே தட்டணும். திரையைப் பாக்காதீங்க, அவங்க பேச்சைக் கேளுங்க, வெரல் தன்னால ஓடணும். தெனம் அரை மணி சீக்கிரம் வாங்க. நானும் வர்றேன்."

யொன்ஹி அழுதிருக்கிறார். ஒரு நாள் விசைப்பலகையைத் தள்ளிவிட்டு எழுந்தும் போயிருக்கிறார். சுனோக் பின்னால் ஓடவில்லை. திரும்பி வந்ததும் விட்ட இடத்தில் தொடங்கினார். நான்கு வாரத்தில் ஏழு நிமிஷம் ஐந்தாயிற்று.

அதற்குக் கீழே இறங்கவில்லை. மிச்சமிருந்தது யொன்ஹி கேட்கிற நேரம். அதில் கைவைக்கச் சுனோக் மறுத்துவிட்டார்.

ஆனால் அணிக்குள் புகைச்சல் கிளம்பியது. ஊக்கத்தொகை அணியின் சராசரி வேகத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. அணியில் எல்லாரையும்விட வேகமானவள் சோரா. நாக்கும் அதே வேகம். ஒரு மதியம் நூடுல்ஸ் கடையில் எல்லார் முன்னாலும், "ஒருத்தர் கதை கேட்டுக்கிட்டே இருப்பாராம், நாம பதிமூணு பேரும் பட்டினி கிடக்கணுமாம்" என்றாள். யொன்ஹி கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அன்று சாயங்காலம் ராஜினாமாக் கடிதத்தோடு சுனோக்கிடம் வந்தார்.

"போகணும்னா போங்க அக்கா, நான் தடுக்க மாட்டேன்" என்றார் சுனோக். "ஆனா மேலாளர் எழுதி வச்ச காரணத்துக்காகப் போகாதீங்க. உங்களுக்கா ஒரு காரணம் இருந்தா சொல்லுங்க."

யொன்ஹி கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு. அதான் கஷ்டமா இருக்கு" என்றார்.

மறுநாள் சுனோக் என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தவில்லை.

"செயோங், ஒரு தடவை போன் பண்ணவங்க ஏழு நாளைக்குள்ள அதே பிரச்சினைக்கு மறுபடி பண்றாங்களா இல்லையான்னு உன்னால எடுக்க முடியுமா? ஆள் ஆளா?"

"முடியும் அக்கா. ஆனா மேலாளர் கேக்காம எடுக்கக் கூடாது."

"தெரியும். அதனாலதான் உத்தரவு போடாம கேக்குறேன். முடியாதுன்னு சொன்னா எனக்கு வருத்தம் இல்ல."

உத்தரவு போட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். அந்த முதியவரின் குரல் இன்னும் காதில் இருந்தது. ஆறு வாரத்து அழைப்புகளை எடுத்துப் பார்த்தேன். யொன்ஹியிடம் பேசிய நூறு பேரில் மறுபடி போன் போட்டவர்கள் ஆறு பேர். சோராவிடம் பேசியவர்களில் முப்பத்தொரு பேர். முதல் இரண்டு முறை நம்பாமல் திரும்ப எண்ணினேன். தாளின் அடியில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சுனோக் மூன்று பயிற்சிப் பதிவையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு பியோவின் அறைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார். முதல் பதிவின் குறைபாட்டுக் கட்டத்தில், "தட்டச்சு மெதுவாக இருந்தது" என்று எழுதியிருந்தார். இரண்டாவதில், "தட்டச்சு தேறிவிட்டது." மூன்றாவதில், "குறை இல்லை. வாடிக்கையாளர் பேச்சைக் கவனிப்பது எப்படி என்று டீம் லீடர் இவரிடம் கற்றுக்கொண்டார்."

பியோ மூன்றாவது தாளை இரண்டு முறை படித்தார். "வெளையாடுறீங்களா? கோச்சிங் பண்ணது நீங்களா, அந்தம்மாவா?"

"ரெண்டு பேரும்தான் சார். ஒருத்தர் மட்டும் கத்துக்கிட்டா அதுக்குப் பேரு திட்டு."

"அஞ்சு நிமிஷம்! இன்னும் சராசரியைவிட ஒண்ணரை நிமிஷம் கூட!"

சுனோக் என் தாளை முன்னால் தள்ளினார். "ஆனா அவங்க எடுத்த போன் அதோட முடிஞ்சுடுது. மத்தவங்க மூணரை நிமிஷத்துல வச்சுட்டு, அதே ஆள்கிட்ட மூணு தடவை பேசுறாங்க. எது வேகம்னு நீங்களே சொல்லுங்க."

பியோவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நமக்கு ஒரு போனுக்கு இவ்வளவுன்னுதான் காசு! அவங்க திரும்பத் திரும்பப் பண்ணா நமக்கு நல்லதுதானே! இது கூடப் புரியாமயா இத்தனை வருஷம் லீடரா இருக்கீங்க?"

சொன்ன பிறகுதான் நான் அங்கே நிற்பது அவருக்கு நினைவு வந்தது. சுனோக் கொஞ்சமும் குரலை உயர்த்தவில்லை.

"இதை நாளைக்குக் காலையில பதினாலு பேரு முன்னாடி எழுந்து நின்னு சத்தமா வாசிங்க சார். வாசிக்கிறது நல்ல பழக்கம்னு நீங்கதான சொன்னீங்க."

அந்த வெள்ளிக்கிழமையே அவருடைய லீடர் பதவி போயிற்று. ராஜினாமா செய்துவிடுவார் என்று பியோ எதிர்பார்த்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். திங்கட்கிழமை காலை சுனோக் ஒரு ஹெட்செட்டை வாங்கிக்கொண்டு, யொன்ஹிக்குப் பக்கத்து நாற்காலியில் சாதாரண ஊழியராக உட்கார்ந்தார். "ஒரு தடவை ஓடிட்டேன். போதும்" என்றார்.

ஐந்தாவது அணியில் இருந்து ஒரு இளைஞரைப் புது டீம் லீடராகப் போட்டிருந்தார்கள். நல்ல பையன், பயந்த சுபாவம். முதல் நாள் காலை கடைசி மூன்று பெயர்களை வாசித்தார். அந்த வாரம் எல்லாருக்கும் மனது கலைந்திருந்ததோ என்னவோ, முதல் பெயர் சோராவுடையது.

சோரா எழுந்து நின்றாள். தாளை வாங்கவில்லை.

"மார்க்கை வாசிக்க முடியாது, லீடர். என் போனைப் போடுங்க. எங்க தப்புன்னு எல்லாரும் கேட்டுச் சொல்லட்டும். இந்த டீம்ல அதுதான் வழக்கம்."

"அது... அதுக்கு நேரம் இல்லையே?"

"அப்ப நான் நிக்கிறேன். நேரம் கிடைக்கும்போது போடுங்க."

போன்கள் அடிக்கத் தொடங்கிவிட்டன. சோரா உட்காரவில்லை. வேறு வழியில்லாமல் புது லீடர் பதிவைப் போட்டார். சோராவின் வேகமான குரல் ஒரு பெண்ணை நான்கு முறை இடைமறித்தது. "ஐயோ, அந்தம்மாவை மூச்சு விட விடலையே நான்" என்று அவளே சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு யொன்ஹி பக்கம் திரும்பி, "இந்த இடத்துல நீங்களா இருந்தா என்ன கேட்டிருப்பீங்க அக்கா?" என்றாள். நூடுல்ஸ் கடையில் பேசியதற்கு அவள் வேறு மன்னிப்பு எதுவும் கேட்டதாக எனக்குத் தெரியாது.

அன்று மூன்றாவது அணி பதினெட்டு நிமிஷம் தாமதமாக வேலையைத் தொடங்கியது. மறுநாள் பெயர் வாசிக்கப்பட்ட இன்னொருத்தியும் அதையே செய்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. வாரக் கடைசியில் புது லீடர் மதிப்பெண் தாளைக் கொண்டுவருவதையே விட்டுவிட்டார். மற்ற அணிகளில் அந்த மதிப்பெண் வாசிப்பு இன்னும் ஒரு வருஷம் நடந்தது. அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

யொன்ஹியை அனுப்ப முடியவில்லை. பதிவில் குறை இல்லை என்று இருக்கும்போது எந்தக் காரணத்தை எழுதி அனுப்புவது? எனக்கு அந்த ஆண்டு சம்பள உயர்வு நின்றது. பியோ இரண்டு வருஷம் இருந்துவிட்டு, பெரிய பதவிக்குச் சியோலுக்கே போனார். அவர் போன நாளில் சுனோக் போய்க் கைகுலுக்கிவிட்டு வந்தார். "அவருக்கும் யாரோ அடிச்சுத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார். எனக்கு அந்த அளவு பெருந்தன்மை இல்லை.

சுனோக்கின் பதவி போன நான்காவது வருஷம் குடிநீர் இயந்திரக் கம்பெனி ஒப்பந்தத்தை மாற்றியது. மறுபடி வருகிற அழைப்புக்கு இனிப் பணம் இல்லை என்றார்கள். உடனே எங்கள் நிர்வாகத்துக்குச் சுனோக்கின் நினைவு வந்தது. அடுத்து வந்த மேலாளர் அவரை அறைக்கு அழைத்து, காப்பி கொடுத்து, மறுபடி டீம் லீடராகச் சொன்னார்.

சுனோக் மூன்று நிபந்தனை வைத்தார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சியை ஒரு மாதமாக்கவேண்டும். பயிற்சிப் பதிவு எதுவானாலும் அதன் நகல் முதலில் ஊழியர் கைக்குப் போகவேண்டும். டீம் லீடர்களும் மேலாளரும் தினமும் ஒரு மணி நேரம் தாங்களே போன் எடுக்கவேண்டும்.

"முதல் ரெண்டும் சரி" என்றார் மேலாளர். "மூணாவது நடக்காது. எனக்கு ஆயிரம் வேலை."

"அப்ப எனக்கும் நாற்காலியில வேலை இருக்குது சார்" என்று காப்பியைக் குடித்து முடித்துவிட்டு வந்துவிட்டார்.

ஏழு வாரம் இழுத்தார்கள். இடையில் இரண்டு பேரை லீடராகப் போட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது அணியினர் இரண்டு பேரிடமும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் எதையாவது கேட்கவேண்டும் என்றால் எழுந்து சுனோக்கின் நாற்காலிக்குத்தான் போனார்கள். கடைசியில் ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, மேலாளர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்தார். காலி நாற்காலி யொன்ஹிக்கு எதிரே இருந்தது.

"எந்தப் பொத்தானை முதல்ல அமுக்கணும்?" என்று கேட்டார்.

"பச்சை" என்றார் சுனோக், இரண்டாவது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டே. "அவசரப்படாதீங்க சார். முதல்ல அவங்க பேசட்டும்."